பழசைக் காட்டணும்

“அந்தச் சட்ட வாணாம்னு சொல்றேன்ல?”

மணிமொழி போட்ட சத்தத்தில், ஹவுசிங்போர்டு வாசலில் பறையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்மா தேவானை மட்டும் திரும்பவில்லை. குளிப்பாட்டி பெஞ்சில் கிடத்தியிருந்த புருஷனின் வலது கையைத் தூக்கி வெள்ளைச் சட்டைக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை விறைத்துப்போய் மடங்க மறுத்தது. தேவானையின் தம்பி ஏகாம்பரம் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

“பட்டுக்கரை வேட்டியும் புதுச் சட்டையும் வாங்கியாந்துகிறேங்கா. அதப் போடலாமே.”

“வேலைக்குப் போறப்ப இத்தான் போடுவாரு,” என்றாள் தேவானை.

“இப்ப இன்னா வேலைக்கா போறாரு?” என்றாள் மணிமொழி.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முதலாளி வேதமூர்த்தி சார் தன் டிரைவருக்கு எடுத்துக் கொடுக்கிற சட்டை அது. வெள்ளைப் பேண்ட் ஒன்று, வெள்ளைச் சட்டை இரண்டு. மணிமொழி தி.நகரில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவள். ஆண்கள் சட்டைப் பிரிவு. நாளெல்லாம் கண்டவன் முதுகுக்கு அளவு பார்த்து விரித்துக் காட்டுகிறோமே என்று நைனாவுக்கும் ஒரு நீலச் சட்டை எடுத்து வந்தாள். “ஞாயித்துக்கெழம போட்டுக்கறேன்” என்றார் தணிகாசலம். ஞாயிற்றுக்கிழமை என்றால் சார் கோயிலுக்குப் போவார், இல்லாவிட்டால் யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போவார். நீலச் சட்டை இன்னும் கவர் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது.

தேவானை பித்தான்களைப் போட்டு முடித்தாள். தலையைச் சீவிவிட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய், டிவி மேலிருந்த கார் சாவியை எடுத்து வந்து, சட்டைப் பையில் போட்டு, வெளியே துருத்தாமல் ஒருமுறை தட்டிவிட்டாள். தினமும் காலையில் செய்கிற காரியம்தான். சாப்பாட்டு டப்பா, போன், சாவி என்று ஒவ்வொன்றாக நீட்டுவாள். இன்றைக்கு முதல் இரண்டையும் விட்டுவிட்டாள்.

மணிமொழி அதைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தச் சாவியைப் பற்றித் தணிகாசலத்துக்கு ஒரு பெருமை உண்டு. மற்ற டிரைவர்கள் எல்லாம் சாயங்காலமானால் சாவியை முதலாளி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வரவேண்டும். இவர் மட்டும் மந்தைவெளிக்கே கொண்டுவருவார். “சார் நம்பிக் குடுத்துகிறாரு” என்பார். இன்னொரு சாவி அடையாறில் சார் வீட்டு பீரோவில் இருந்தது. நம்பிக்கை எதுவரைக்கும் என்று அந்த பீரோவுக்குத் தெரியும்.

வண்டியோ இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. போன வருஷத்திலிருந்து நடுரோட்டில் நின்றுவிடும். முன்னறிவிப்பு எதுவும் கிடையாது, பொட்டென்று அணைந்துவிடும். அடையாறு பாலத்தின் மேல், பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்து அழுத்த, அறுபது வயதை நெருங்குகிற மனுஷன் இறங்கி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளுவார். சார் பின் சீட்டில் போன் பேசிக்கொண்டிருப்பார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஷரீஃப் பாய் முதல் தடவையே சொல்லிவிட்டார். என்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் விடவேண்டும், எப்போது பொறி அடிக்கவேண்டும் என்று சொல்கிற எலெக்ட்ரானிக் பொட்டி ஒன்று உள்ளே இருக்கிறது, ஈசிஎம் என்பார்கள், அது போய்விட்டது, கம்பெனியில் இப்போது அது வருவதில்லை, புதுப்பேட்டையில் தேடிப் பிடித்துத்தான் மாட்டவேண்டும். சார் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார். அவர் இழுத்த வரைக்கும் இவர் தள்ளினார்.

ஒருவழியாகப் பொட்டி கிடைத்து, முந்தாநாள் சார் சரி சொன்னார். சொல்லும்போதே வழக்கமான இரண்டு உத்தரவுகளையும் சொன்னார். ஒன்று, வேலை முடிகிற வரைக்கும் வண்டியை விட்டு நகரக் கூடாது. ஒர்க்‌ஷாப்காரன் கண் அசந்த நேரத்தில் நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிடுவான். இரண்டாவது, கழற்றின பழசைக் கொண்டுவந்து காட்டணும். காட்டினால்தான் மாற்றினது நிஜம். தேய்ந்த பிரேக் பேட், அறுந்த பெல்ட், எண்ணெய் வழிகிற ஃபில்டர் என்று இத்தனை வருஷமும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறார் தணிகாசலம். சார் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “சரி, போட்டுடு” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக அடையாறு வரைக்கும் குப்பையைச் சுமந்துகொண்டு போகவேண்டும்.

நேற்று மத்தியானம் அவர் மணிமொழிக்குப் போன் செய்தார். கடையில் போனைத் தொடக்கூடாது. அவள் டிரையல் ரூமுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள்.

“நெஞ்சுல ஒரு மாரி புடிச்சினு கீது. கேஸுதான்னு நெனைக்கறேன்.”

“கேஸுன்னா எனுக்கு ஏன் போன் போடற? சோடா குடிக்க வேண்டிதானே? சார்கிட்ட சொல்ட்டு ஆஸ்பத்திரிக்குப் போ நைனா.”

“சொல்றேன்.”

மனசு கேட்காமல் கொஞ்ச நேரம் கழித்து இவளே கூப்பிட்டாள்.

“சொன்னியா?”

“சொல்ட்டேன். வேல முடிச்சிட்டுப் போச்சொன்னாரு. பொட்டி மாட்டியாச்சு, சாவி மேச் பண்ணினுகீறாங்கோ. அவ்ளோதான், வந்துட்டேன்.”

அடுத்த போன் ஷரீஃப் பாயிடமிருந்து வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம். மடியில் பழைய பொட்டி இருந்த மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாராம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசல்தான் மிச்சம், உயிர் வழியிலேயே போயிருந்தது. சாவியையும் அந்தப் பையையும் ஷரீஃப் பாய்தான் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

வேல முடிச்சிட்டுப் போச்சொன்னாரு. நேற்றிலிருந்து மணிமொழிக்குக் காதில் வேறு எதுவும் ஏறவில்லை. ஒப்பாரி வைக்க வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோதும் அவள் கண்ணில் பொட்டுத் தண்ணி வரவில்லை. வரட்டும், அந்த ஆள் வரட்டும் என்று காத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் கதவு திறந்துவிட்ட மனுஷன் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியும் உட்கார வைத்தாயே என்று இந்தத் தெருவே கேட்கக் கேட்கவேண்டும். அவர் ஆமாம் என்று சொல்லவேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

ஏகாம்பரம் அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். “சாவு வூட்ல சண்ட வாணாம்மா,” என்றான்.

“பின்ன, கல்யாண வூட்லயா போய்ப் போடறது?”

வேதமூர்த்தி சார் வாடகைக் காரில் வந்தார். சந்துக்குள் கார் நுழையாது என்பதால் முனையிலேயே இறங்கி, ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத்தை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். மாலையைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகத்தான் கலங்கியிருந்தது, அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

“என் கூடப்பிறந்தவன் மாதிரிம்மா,” என்றார் தேவானையிடம்.

மணிமொழி எழுந்து அவர் எதிரே போய் நின்றாள்.

“கூடப்பொறந்தவரு நெஞ்சு வலிக்குதுன்னு போன் பண்ணா, வேலைய முடிச்சிட்டுப் போன்னு சொல்வீங்களா சார்?”

சார் திகைத்துப் போனார். “யாரும்மா சொன்னது?”

“நீங்க. நேத்து. நைனாகிட்ட.”

“எனக்குப் போனே வரலையேம்மா.” அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “காலைல வண்டிய விடப் போறேன்னு சொன்னான். அதுக்கப்புறம் அவன் பேசவே இல்ல. நீயே பாரு.”

அவள் போனைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த ஷரீஃப் பாயைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகாமல், கிரீஸ் சட்டையோடு இங்கேயேதான் இருக்கிறார்.

“நீ சொல்லு பாய். பக்கத்துலதானே இருந்தே?”

ஷரீஃப் பாய் தலையைக் குனிந்துகொண்டார். “போன் போடல பாப்பா.”

“எனுக்கு சொன்னாரே, சொல்ட்டேன்னு.”

“ஒனுக்கு சொன்னாரு. அவருக்குப் போடல. நானே சொன்னேன், அண்ணே, சார்கிட்ட ஒரு வார்த்த சொல்ட்டுக் கெளம்புங்கோ, பொட்டிய நா பாத்துக்கறேன்னு. சிரிச்சாரு. நீ பாத்துக்குவேன்னுதானே என்ன இங்க ஒக்கார வெச்சுகிறாருன்னாரு.”

கூட்டத்தில் ஒருவர் இரண்டு பேர் தங்களை அறியாமல் சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். தணிகாசலம் பேசினால் அப்படித்தான் இருக்கும்.

சாரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வந்ததை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “பாத்தியாம்மா? கேட்டிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பைத்தியக்காரன்.”

ராத்திரியெல்லாம் கூராக்கி வைத்திருந்த கோபத்தை யார்மேல் போடுவது என்று மணிமொழிக்குத் தெரியவில்லை. பெஞ்சைப் பார்த்தாள். நெற்றியில் ஒற்றை ரூபாய் பளபளக்க, ஒன்றும் தெரியாதவர்போல் படுத்திருந்தார். ஏன் நைனா பொய் சொன்னே என்று அந்த வெள்ளைச் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. ஒரு போன். பட்டனை அழுத்தி, சார், நெஞ்சு வலிக்குது, கெளம்பறேன் என்று நாலு வார்த்தை. அதற்குக்கூடவா ஒரு மனுஷனுக்கு வாய் வராது?

வந்திருக்கிறது. ஒரு தடவை வந்திருக்கிறது. அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

“அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்னிக்குக் கேட்டாரு சார்,” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, தாழ்ந்ததால்தான் எல்லோருக்கும் கேட்டது. “ராயப்பேட்டை ஆஸ்பத்திரில. இன்னிக்கு ஒரு நாளு லீவு வேணும்னாரு. என்னை ஏர்போர்ட்ல விட்டுட்டுப் போன்னீங்க. உங்கள விட்டாரு. அப்பால அங்கேருந்து யாரோ வராங்க, இட்டுனு வந்து வுட்டுட்டுப் போன்னீங்க. அந்த பிளைட்டு லேட்டு. அவரு ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ அம்மாவ வார்டுல கொண்டாந்து போட்டாச்சு. மாமாதான் கையெழுத்துப் போட்டுச்சு. அத்தோட நிறுத்திட்டாரு சார். அதுக்கப்புறம் உங்ககிட்ட அவரு எதுவுமே கேட்டது கெடையாது.”

சார் கண்ணைச் சுருக்கி யோசித்தார். “அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையேம்மா.”

பொய்யில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அவள் வீட்டில் பத்து வருஷமாக யாரும் மறக்காத நாள் அது. இந்த ஆள் அதை ஏர்போர்ட் வாசலிலேயே உதறிவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏகாம்பரம் நடுவில் புகுந்தான். நேரமாகிறது, வாய்க்கரிசி போடுகிறவர்கள் போடலாம் என்றான். பெண்கள் வரிசையாக வந்து போட்டார்கள். தேவானை போட்டாள். மணிமொழி போடும்போது பாதி அரிசி சட்டைக் காலரில் சிந்தியது. வெளியே பூப்பல்லக்கை வாசலுக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் சார் மறுபடி அவளருகே வந்தார். போன் வரவில்லை என்பது தெரிந்துபோன பிறகு அவருக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது. கையில் ஒரு சாவி.

“தப்பா நினைக்காதேம்மா. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். வண்டி ஈக்காட்டுத்தாங்கல்ல ரோட்லயே நிக்குது. சாயங்காலம் பொண்ணு வெளியூர்லேருந்து வரா. என்கிட்ட இருக்கற சாவியப் போட்டா ஸ்டார்ட் ஆகல.”

“ஆவாது சார்,” என்றார் ஷரீஃப் பாய், பின்னாலிருந்து. “புதுசா மாட்டின பொட்டிக்கு எந்தச் சாவிய மேச் பண்றமோ அது மட்டுந்தான் எடுக்கும். ரெண்டு சாவியும் குடுங்கோ, சேத்துப் பண்ணிடறேன்னு அண்ணன்கிட்ட நேத்துக் காலைலயே சொன்னேன். இன்னொண்ணு சார் வூட்டு பீரோல கீது, அதெல்லாம் கேக்க முடியாதுன்ட்டாரு. அதனால அண்ணன் சாவி ஒண்ணுதான். அது இருந்தாத்தான் இதையும் சேக்க முடியும்.”

“அந்தச் சாவி எங்கம்மா?” என்றார் சார்.

மணிமொழி அம்மாவைப் பார்த்தாள். தேவானை பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“நைனா பாக்கெட்ல கீது,” என்றாள் மணிமொழி. “எடுத்துக்குங்க.”

சார் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். அவர் போட்ட ரோஜா மாலை மார்பு முழுக்கக் கிடந்தது.

“நீ எடுத்துக் குடும்மா.”

“நாங்க எடுக்க மாட்டோம் சார். அது உங்க சட்ட, உங்க சாவி. நைனா இன்னும் வேல முடிச்சிட்டு வரல.”

ஏகாம்பரம் “ஏய், மணி” என்று அதட்டினான். அவள் அசையவில்லை. ஷரீஃப் பாய் ஒரு அடி முன்னால் வந்தார். அவள் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டார். பறைக்காரர்கள் அடிக்கத் தூக்கிய குச்சியோடு நின்றார்கள். மாடி வராந்தாக்களில் துணி காயப்போட்டிருந்த கம்பிகளுக்கு நடுவே தலைகள் எட்டிப் பார்த்தன.

எடுக்க மாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். வேண்டாம்மா, அவனோடயே போகட்டும் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போயிருந்தால் அவள் ஒருவேளை அழுதிருப்பாள்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்தார். தான் போட்ட மாலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரலைச் சட்டைப் பைக்குள் விட்டார். பை ஈரமாக இருந்ததாலோ என்னவோ சாவி மாட்டிக்கொண்டது. இழுத்தபோது தணிகாசலத்தின் தலை லேசாக அவர் பக்கம் திரும்பியது. யாரோ ஒரு பெண் “ஐயோ” என்றாள். சார் சாவியை வெளியே எடுத்து, கைக்குட்டையில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். மாலையைப் பழையபடி சரிசெய்தார்.

அப்போதுதான் தேவானை எழுந்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் மஞ்சள் பை இருந்தது.

“சார், இதையும் பாத்துடுங்க.”

அவர் விழித்தார்.

“பழசு,” என்றாள் தேவானை. பையின் வாயை அகலமாக விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். உள்ளே அலுமினியப் பொட்டி ஒன்று, தூசியும் எண்ணெயும் படிந்து, ஒரு ஓரத்தில் பச்சை பூத்துக் கிடந்தது. “காட்டணும்னு சொன்னீங்களாமே. மாத்திட்டாரு.”

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. புருஷன் பாக்கி வைத்துவிட்டுப் போன வேலையை முடித்துவிடவேண்டும் என்கிற மாதிரிதான் நின்றாள். சார் எட்டிப் பார்த்தார். பார்த்தது போதாது என்பதுபோல் அவள் பையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

“பாத்துட்டீங்களா சார்?”

“சரி,” என்றார் அவர். வழக்கமாக அதற்கடுத்து வருகிற வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றது.

தேவானை பையை அவர் இடது கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

“எடுங்கப்பா!” என்று ஏகாம்பரம் குரல் கொடுத்தான். பறை வெடித்துக் கிளம்பியது. நாலு பேர் குனிந்து தணிகாசலத்தைத் தூக்கிப் பல்லக்கில் வைத்தார்கள். மணிமொழி அந்த வெள்ளைச் சட்டையின் பையை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள். அதன் வாய் வெளியே மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எட்டி அதை உள்ளே தள்ளி, தட்டிவிட்டாள்.

சந்து முனையில் பல்லக்கு திரும்பியபோது ஒருமுறை பின்னால் பார்த்தாள். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சாரும் கும்பிடப் பார்த்தார். ஒரு கையில் சாவி, ஒரு கையில் பை. பையைக் கீழே வைக்கலாமென்று குனிந்தார். தரையெங்கும் குளிப்பாட்டின தண்ணீர். நிமிர்ந்து, இரண்டு கையாலும் அதை வயிற்றோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.